ரூட் கேனல் முடிந்தும் போகாத வலி: பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ரூட் கேனல் (பல்லுக்குள் இருக்கிற நரம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தை நிரப்புவது) செய்த பல்லில் முதல் மூன்று நான்கு நாள் வலி இருப்பது சகஜம். கடித்தால் வலிக்கும், மாத்திரை போட்டால் அடங்கும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் மறந்தே போகும். நான் எழுதப் போவது அந்த வலியைப் பற்றி அல்ல. பல் மேல் கேப் என்கிற உறை போட்டு மாதக்கணக்கில் ஆன பிறகும், எக்ஸ்ரேயில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும், போகாமல் கூடவே இருக்கிற வலியைப் பற்றி. அது அப்படி ஒன்றும் அபூர்வமும் அல்ல. 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, சிகிச்சை முடிந்து ஆறு மாதம் தாண்டியும் வலி இருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று அதிகம் என்று கணக்கிட்டது; அந்த வலிகளில் பாதிக்கும் மேல் பல்லிலிருந்தே வராதவையாக இருக்கலாம் என்பதையும் அதே குழு எடுத்துக் காட்டியது.

இரண்டாவது விஷயம்தான் எங்கள் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்தில் போய்ச் சேரவே இல்லை. வலி போகவில்லையா, பல்லைப் பிடுங்கு. பிடுங்கியும் போகவில்லையா, பக்கத்துப் பல்லைப் பார். வரிசையாக மூன்று கடைவாய்ப்பல் போய், வலி மட்டும் அப்படியே இருக்கிற வாய்களை நான் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனது கனத்துப் போகும். அதனால்தான் இந்த ஒரு நோயாளியின் கதையை முழுசாக எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் நாற்பதை நெருங்கும் வயதுப் பெண். பேரணாம்பட்டுக்கு அருகே ஒரு கிராமம், ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் லைனில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. இடது மேல் முதல் பெரிய கடைவாய்ப்பல்லில் சொத்தை ஆழமாகப் போய், தண்ணீர் பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்து, ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருந்து, கடைசியில் ஒரு கிளினிக்கில் ரூட் கேனல் செய்துகொண்டார். கேப்பும் போட்டார்கள். அந்தப் பழைய வலி, தண்ணீர் பட்டால் துடிக்கிற வலி, போய்விட்டது. ஆனால் வேறு ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது, அது நாளாக நாளாக அதிகமாகவும் ஆனது.

திரும்பிப் போனபோது ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், அப்புறம் "செட் ஆக டைம் எடுக்கும்" என்றார்கள். இடையில் மெடிக்கல் கடையில் அவராகவே டைக்ளோஃபெனாக் கலந்த வலி மாத்திரை வாங்கிப் போட ஆரம்பித்து வயிற்று எரிச்சல் வந்தது. யாரோ சொன்னார்கள் என்று புகையிலையை அந்த இடத்தில் அடக்கி வைத்து உள்கன்னம் புண்ணானது. இன்னொரு கிளினிக்கில் பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்) போடலாம் என்றிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது எட்டு மாதம் ஆகியிருந்தது. உட்கார்ந்ததும் அவர் சொன்னது இது: "டாக்டரம்மா, பல்லு போனா போகட்டும். எடுத்தா வலி போயிடும்னு மட்டும் நீங்க நிச்சயமா சொல்லுங்க, இப்பவே எடுத்துடுங்க."

அந்த நிச்சயத்தை அன்றைக்கு யாராலும் சொல்லியிருக்க முடியாது. அதைத் தேடுவதுதான் சிகிச்சையின் முதல் வேலை.

வலியைக் கேட்பது

எங்கே வலிக்கிறது என்று காட்டச் சொன்னேன். முதலில் ஒற்றை விரலை நேராக அந்தக் கேப் மேல் வைத்தார், "காராசேவு மாதிரி ஏதாவது கடிச்சா சுருக்குனு குத்துது" என்றார். சரி, சும்மா இருக்கும்போது வலிக்குமா என்று கேட்டால், கை மாறியது. உள்ளங்கையை விரித்துத் தாடையிலிருந்து நெற்றிப்பொட்டு வரை முழுசாகப் பொத்திக் காட்டினார். "இது மந்தமா இழுத்துகினே கீது. காதுகூட அடைச்ச மாதிரி ஆவுது. ஆனா இதுவும் அந்தப் பல்லுலேர்ந்துதான் வருது."

ஒரு விரலால் காட்டுவதும் உள்ளங்கையால் காட்டுவதும் ஒரே வலியாக இருக்க வாய்ப்பு குறைவு. இவருக்கு இரண்டு வலி இருக்கிறது என்ற சந்தேகம் எனக்கு அங்கேயே வந்தது.

இன்னொன்றும் செய்யச் சொன்னேன், இதை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம், வலி வந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், பத்துக்கு எத்தனை வலி, என்ன மாத்திரை போட்டார் என்று எழுதச் சொன்னேன். அடுத்த முறை ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். வேலை நாட்களில் காலையில் ஒன்று, இரண்டு என்றுதான் இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு மேல் ஐந்து, ஆறு. ஆர்டர் அவசரம், ஓவர்டைம் என்று எழுதிய நாட்களில் எட்டு, பக்கத்தில் "தூங்கல" என்று ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் இரண்டுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. கடித்தால் குத்துகிற வலிக்கு இந்தக் கணக்கே கிடையாது, எந்தக் கிழமையாக இருந்தாலும் கடித்தால் குத்தும். எந்த ஸ்கேனும் சொல்லாததை அந்தத் தாள்கள் சொல்லின. பல்லில் இருக்கிற கிருமிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாதே.

எதெல்லாம் இல்லை என்று பார்த்தது

மேல் கடைவாய்ப்பல் வலி என்றால் சைனஸைப் பார்க்காமல் விடக்கூடாது. அந்தப் பற்களின் வேர் நுனிக்கும் கன்ன எலும்புக்குள் இருக்கிற காற்றறைக்கும் நடுவே சிலருக்கு மெல்லிய எலும்புத் தகடுதான் இருக்கும். சைனஸ் வலி என்றால் குனியும்போது கனக்கும், ஒரு பல் அல்லாமல் வரிசையாக இரண்டு மூன்று பற்கள் தட்டினால் வலிக்கும், மூக்கடைப்போ சளியோ கூடவே இருக்கும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை.

வேரில் விரிசல் இருந்தால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அளவுகோல் கம்பி ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறுகலாக ஆழமாக இறங்கும். சுற்றிலும் மெதுவாக அளந்தேன், எங்கும் அப்படி இறங்கவில்லை. இது முக்கியமான செய்தி, ஏனென்றால் வேர் நீளவாக்கில் பிளந்திருந்தால் பெரும்பாலும் பல்லைக் காப்பாற்ற முடியாது. கேப் உயரமாக இருந்து மற்ற பற்கள் சேர்வதற்கு முன்னாலேயே இடித்தாலும் மாதக்கணக்கில் வலிக்கும். நிறம் ஒட்டும் தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்த்தேன், சமமாகத்தான் இருந்தது. பக்கத்துப் பற்களுக்கு ஐஸ் வைத்ததில் இரண்டுமே ஒழுங்காகக் கூசி உடனே அடங்கின. முகம் கழுவும்போது, காற்று படும்போது சில விநாடி கரண்ட் ஷாக் மாதிரி வெட்டி இழுக்கிற வலி என்றால் முக்கிளை நரம்பு (முகத்தின் உணர்ச்சி நரம்பு) வலியை யோசிக்க வேண்டும், அதற்கு கார்பமசெபைன் மாதிரி வேறு மருந்து, வேறு வழி. இவருடையது வெட்டி இழுப்பதில்லை, மணிக்கணக்கில் கனப்பது.

படி ஏறினால், வேகமாக நடந்தால் மட்டும் தாடை வலித்து, நின்றால் அடங்குகிறதா என்றும் கேட்டேன். இதய வலி சிலருக்குக் கீழ்த்தாடை வலியாகவே வெளிப்படும். அப்படி வருபவர்கள் பல் டாக்டரிடம் உட்கார்ந்திருக்கவே கூடாது, நேராக ஈசிஜி எடுக்க ஓட வேண்டும். இவருக்கு அதுவும் இல்லை.

இருந்தது இதுதான்: கேப் மேல் தட்டினால் வலி, அதுவும் கன்னப்பக்கம் முன்மூலையில் கடிக்கும்போது அதிகம். சாதாரண எக்ஸ்ரேயில் மூன்று வேரிலும் நிரப்பியது தெளிவாகத் தெரிந்தது. முன்னால் பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில் ஆச்சரியமில்லை, அந்தப் படம் அப்படித்தான் காட்டும். வேலூருக்கு அனுப்பி சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், கன்னப்பக்க முன்வேரில் நிரப்பிய கால்வாய்க்கு (வேருக்குள் நரம்பு ஓடுகிற குழல்) அருகிலேயே அண்ணப் பக்கமாக இன்னொரு கால்வாய் நிரப்பாமல் இருந்தது. வேர் நுனியில் மிளகளவு கறுப்பு, அதாவது எலும்பு கரைந்த இடம்.

நாலாவது கால்வாய்

நரம்பையே எடுத்த பிறகு எப்படி வலிக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. ரூட் கேனலில் எடுப்பது பல்லுக்குள் இருக்கிற கூழையும் அதிலுள்ள நரம்பையும்தான். வேரைச் சுற்றி அதை எலும்போடு கட்டி வைத்திருக்கிற மெல்லிய நாரடுக்கு இருக்கிறது, அதற்குத் தனி நரம்பு உண்டு, உணர்ச்சியும் அதிகம். சாப்பாட்டில் ஒரு சின்னக் கல் அகப்பட்டால் கூடச் சட்டென்று தெரிவது அதனால்தான். விடுபட்ட கால்வாயில் மிச்சமிருக்கிற கிருமிகள் வேர் நுனி வழியாக அந்த நாரடுக்கைச் சீண்டிக்கொண்டே இருந்தால், செத்த பல்லும் கடிக்கும்போது வலிக்கும்.

மேல் முதல் கடைவாய்ப்பல்லின் கன்னப்பக்க முன்வேரில் இரண்டாவது கால்வாய் இருப்பது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு. ஆனால் அதன் வாய் ஒரு பல்திசு விளிம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும், வெறும் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போவது உலகம் முழுக்க நடப்பது. முதலில் செய்தவரை நான் குறை சொல்ல மாட்டேன், நோயாளியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

கேப்பின் நடுவே துளை போட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அல்ட்ராசோனிக் முனையால் அந்த விளிம்பைத் துளித்துளியாகச் சீவினேன். முதல் கால்வாயிலிருந்து அண்ணப் பக்கம் போகிற ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. அதன் மேல் எட்டாம் நம்பர் ஃபைலை (கால்வாயைச் சுரண்டும் மெல்லிய கம்பி), தலைமுடி கனம்தான் இருக்கும், லேசாக இழுத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் முனை பிடித்துக்கொண்டது. அதுதான் கால்வாய் வாய். பழைய நிரப்பியை எல்லாக் கால்வாயிலிருந்தும் எடுத்து, ஹைப்போகுளோரைட் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவி, உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடி, இரண்டு வாரம் கழித்து நிரப்பினேன். வாய் எச்சில் ஒரு சொட்டுகூட உள்ளே போகாமல் ரப்பர் ஷீட் மாட்டிச் செய்வது இதில் பாதி வெற்றி. உங்களுக்குச் செய்யும்போது மாட்டவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

கடித்தால் குத்துகிற வலி அடுத்த சில வாரத்தில் போய்விட்டது. காராசேவு சாப்பிட்டுப் பார்த்ததாகவே வந்து சொன்னார். ஆனால் உள்ளங்கையால் காட்டிய அந்த இன்னொரு வலி அசையவே இல்லை.

பல்லை மரத்துப் போகச் செய்து பார்த்தது

பலருடைய பயணம் தப்பான பக்கம் திரும்புகிற இடம் இது. சரியாகத் திரும்பச் செய்தும் வலிக்கிறது என்றால் பல்லைத்தான் எடுக்க வேண்டும் என்று தோன்றும். எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. வலி நன்றாக இருக்கிற நேரமாகப் பார்த்து, வேலை முடிந்த மாலையில் வரச் சொல்லி, அந்தப் பல்லைச் சுற்றி கன்னப்பக்கமும் அண்ணப்பக்கமும் மரத்துப் போகும் ஊசி போட்டேன். காத்திருந்து பல்லைத் தட்டினேன்.

"தட்டறதே தெரியல டாக்டரம்மா. ஆனா அந்த வலி அப்படியேதான் கீது."

பல் தூங்கிவிட்டது, வலி தூங்கவில்லை என்றால் வலி அந்தப் பல்லில் பிறக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தாலும் இதே வலியோடுதான் அவர் பஸ் ஏறியிருப்பார்.

அடுத்து, பற்களைக் கடித்துப் பிடிக்கச் சொல்லி, கன்னத்தில் கெட்டியாக எழும்புகிற மெல்லும் தசையைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு தளர்த்தச் சொல்லி, கன்ன எலும்புக்குக் கீழே அதன் முன்விளிம்பில் சுமார் ஒரு கிலோ அழுத்தம் வருகிற மாதிரி விரலால் அமுக்கி ஐந்து விநாடி பிடித்தேன். (அழுத்தம் சரியாக வர, சமையலறைத் தராசின் மேல் விரலை அமுக்கிப் பழகிக்கொள்ளலாம்.) மூன்றாவது விநாடியில் அவர் கண் பெரிதானது. "இதேதான்! இந்த வலிதான்! நீங்க கன்னத்த அமுக்குறீங்க, பல்லுல வலிக்குதே!"

தசையில் பிறக்கிற வலி பல்லில் தெரிவது ஏமாற்று வேலையும் அல்ல, கற்பனையும் அல்ல. பல்லிலிருந்தும் தாடைத் தசையிலிருந்தும் செய்தி கொண்டுவருகிற இழைகள் ஒரே முக்கிளை நரம்பின் வழியாகப் போய் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் சேர்கின்றன. மாதக்கணக்கில் பல்லிலிருந்து வலியைக் கேட்டுப் பழகிய இடம், தசையிலிருந்து வருவதையும் பல்லின் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. மெல்லும் தசையின் மேற்பகுதி மேல் கடைவாய்ப்பற்களுக்கு வலியை அனுப்பும், கீழ்ப்பகுதி கீழ்ப்பற்களுக்கு. நெற்றிப்பொட்டுத் தசை மேல் பற்கள் எதற்கு வேண்டுமானாலும் அனுப்பும்.

அந்தத் தசைக்கு என்ன ஆனது? வேலை செய்கிற விதத்தை உட்கார்ந்து காட்டச் சொன்னேன். கழுத்தைக் குனிந்து, கண்ணை ஊசிமுனையில் வைத்து, தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் தைக்கிறார். நூலைப் பல்லால் கடித்து அறுப்பதும் உண்டு. பல் வலி தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கம் எதுவும் பட்டுவிடக்கூடாது என்று தாடையை அசையாமல் இறுக்கி வைப்பது வேறு. மூச்சு விடாமல் ஓடுகிற டார்கெட், சூப்பர்வைசர் பின்னால் நிற்பது, ராத்திரி தூக்கமின்மை எல்லாம் சேர்ந்தால் எந்தத் தசையும் தளராது.

தசைக்குச் செய்த வைத்தியம்

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. உதடு மூடியிருக்கலாம், உள்ளே பற்களுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இது பலருக்குத் தெரியவே தெரியாது, நாள் முழுக்கப் பல்லோடு பல் சேர்ந்திருப்பதுதான் சரி என்று நினைக்கிறார்கள். இவருக்கு இதை நினைவுபடுத்த ஏதாவது வேண்டியிருந்தது. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: தையல் மெஷின் தலையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டார். பொட்டு கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தொங்கவிட்டு ஒரு மூச்சு விடுவது. நூல் அறுக்கச் சின்னக் கத்தரி கழுத்தில் கயிற்றோடு தொங்கியது.

மாலையில் சூடான ஈரத்துணியைக் கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, பிறகு தசையை வட்டமாக நீவிவிடுவது. கேழ்வரகுக் களி, இட்லி, குழைந்த சோறு என்று சில வாரம் மென்மையான சாப்பாடு; முறுக்கு, பாக்கு, எலும்பு கடிப்பது வேண்டாம். ராத்திரி பற்களின் மேல் மாட்டிக்கொள்ள ஒரு கடினமான பிளாஸ்டிக் தட்டு செய்து கொடுத்தேன். இவையே பலருக்குப் போதும்.

இவருக்குத் தூக்கம் திரும்பவில்லை என்பதால் பொது மருத்துவர் ஒருவரிடம் அனுப்பி, அவர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் ராத்திரிக்கு எழுதினார். வீட்டில் ஒரு பையன் போனில் தேடிப் பார்த்து "இது மனநோய் மாத்திரை" என்று சொல்ல, இவர் இரண்டு நாள் போடாமல் வைத்திருந்தார். மனச்சோர்வுக்குக் கொடுப்பது இதைப் போலப் பல மடங்கு அளவு. இந்தச் சின்ன அளவில் அது வலிச் செய்தியைத் தணிக்கவும் தூக்கத்தை ஆழமாக்கவும் தருவது என்று உட்காரவைத்து விளக்க வேண்டியிருந்தது. வாய் வறட்சி, காலையில் மந்தம், மலச்சிக்கல் வரலாம். இதயத் துடிப்புக் கோளாறு, சில வகைக் கண்ணழுத்த நோய் இருப்பவர்களுக்கு ஆகாது, அதனால் மெடிக்கல் கடையில் தானாக வாங்கிப் போடக்கூடிய மருந்தே அல்ல.

வலி மாத்திரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டைக்ளோஃபெனாக்கும் ஐபுபுரூஃபெனும் சில நாளுக்கான மருந்துகள். மாதக்கணக்கில், அதுவும் காலை சாப்பிடாமல் பஸ் பிடிக்கிற அவசரத்தில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் விலை கொடுக்கும். ஆன்டிபயாட்டிக் வலி மாத்திரை கிடையாது. வீக்கம், காய்ச்சல், சீழ் இல்லாத வலிக்கு அது எதுவும் செய்யாது. கிராம்புத் தைலம் திறந்த சொத்தையில் கொஞ்சம் மரத்துப் போகச் செய்யும், ஆனால் கேப் போட்ட பல்லின் உள்ளே அது போவதற்கு வழியே இல்லை. புகையிலையை அடக்கி வைப்பது புற்றுநோய்க்குப் பாய் விரிப்பது.

தசையை அமுக்கியபோது அந்த வலி பல்லில் தெரிந்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பேன்? அப்போது நரம்பே சேதமாகித் தானாக வலியை உண்டாக்குகிற நிலையை யோசித்திருப்பேன். ஒரே இடத்தில் நாள் முழுக்க எரிச்சலோ கனமோ இருக்கும், ஈறை லேசாகத் தடவினாலே கூசும், படத்தில் எதுவும் தெரியாது. 2020இல் வெளியான சர்வதேச முக வலி வகைப்பாட்டில் இந்த வகை வலிகளுக்கும் இடம் இருக்கிறது. இதில் ஒவ்வொரு புது அறுவையும் நரம்பை இன்னும் சீண்டும். மருந்தும் பொறுமையும்தான் வழி, வலி மருத்துவத்தில் பழக்கமுள்ளவரிடம் போக வேண்டும்.

இத்தனை மாதத்தில் இவரை அதிகம் உடைத்தது வலியைவிட, "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லையே, வேலைக்குப் போக சோம்பேறித்தனம்" என்று வீட்டில் வந்த பேச்சு. அதனால் கணவரையும் ஒருநாள் வரச் சொல்லி, அவர் விரலையே எடுத்து அந்தத் தசையில் வைத்து அமுக்கக் காட்டினேன். மனைவி துள்ளியதைப் பார்த்த பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை வந்தபோது, ராத்திரி ஒத்தடத்துக்குத் தண்ணீர் சுட வைப்பது அவர்தான் என்று தெரிந்தது.

ஆறு வாரத்தில் காலண்டர் தாள்களில் எட்டு மறைந்தது. மூன்று மாதத்தில் பெரும்பாலும் ஒன்று, இரண்டுதான். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் வாரங்களில் இன்னும் நான்கு வரை ஏறுகிறது, இது வரும்போது பல்லைத் தேடாமல் தாடையைத் தளர்த்த அவருக்குத் தெரியும். அமிட்ரிப்டிலினை மருத்துவர் மெதுவாகக் குறைத்து நிறுத்திவிட்டார், இரவுத் தட்டு தொடர்கிறது. துளை போட்ட கேப்பை மாற்றிப் புதியது போட்டாயிற்று. ஆறு மாத எக்ஸ்ரேயில் வேர் நுனிக் கறுப்பு சுருங்கியிருக்கிறது, முழுசாக மறையவில்லை. எலும்பு நிரம்பி ஆற சிலருக்கு நான்கு வருடம் வரைகூட ஆகும் என்பதால் அதைப் பார்த்து யாரும் அவசரப்படத் தேவையில்லை. அடுத்த படம் ஒரு வருடம் முடியும்போது.